கூட்டைவிட்டு எழ மறுத்த கருப்பி: பிடிவாதமான அடைக்கோழி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோழி அடைக்கு உட்காருவது நோய் இல்லை. முட்டை வைத்தால் 21 நாளில் குஞ்சுகளோடு எழுந்து வரும். குஞ்சு வேண்டாம் என்றால் முட்டைகளை எடுத்துவிட்டு, முட்டையிடும் பெட்டியை இரண்டு மூன்று நாள் அடைத்து வைத்தாலே பல கோழிகளுக்கு அடை தெளிந்துவிடும். இந்த இரண்டிலும் சேராத கோழிகள் சில உண்டு. அடியில் முட்டை இருக்காது, ஆனாலும் எழாது. தூக்கி வெளியே விட்டால் வந்த வழியே ஓடும். இரை எடுக்காமல் நாளுக்கு நாள் மெலியும். அப்படி ஒரு கோழியை எப்படிக் கையாண்டோம், எது பலிக்காமல் போனது, எது பலித்தது என்பதைக் காரணங்களோடு எழுதுகிறேன்.

கோழியும் அதன் கூட்டமும்

என் சித்தி வீட்டுக் கொல்லையில் ஏழு கோழிகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. பகலில் வெளியே மேயும். பொழுது சாய்ந்தால் மரக்கொட்டகைக்குள் போய்க் கம்பில் ஏறித் தூங்கும். முட்டையிட மூன்று பெட்டிகள் உண்டு. மூன்று இருந்தும் எல்லாக் கோழியும் மூலையில் உள்ள ஒரே பெட்டிக்குத்தான் முட்டி மோதிக்கொண்டு போகும். அந்தப் பெட்டி இருட்டாக இருந்தது, வைக்கோலும் அதில்தான் ஆழம், முட்டைகள் ஏற்கெனவே கிடப்பதும் அங்கேதான். ஒரு கோழி பத்திரமான இடம் என்று நம்ப இவை போதும். அடைக்கு உட்காரத் தூண்டுவதும் இதே மூன்றுதான் என்பது இந்த நிகழ்வில் பெரிய விஷயம்.

கருப்பிக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. நடுத்தர உடம்பு, நல்ல கறுப்பு, கழுத்தில் மட்டும் கொஞ்சம் செம்பட்டை. தாய்க்கோழியின் அடியில் பொரிந்து வளர்ந்த கோழி அது. அதன் தாயும் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை அடை உட்காரும். இந்தக் குணம் வழிவழியாக வருவது. வெள்ளை லெகார்ன் போன்ற முட்டை ரகங்களில் அடை உட்காராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதால் அது ஏறக்குறைய மறைந்தே போயிற்று. சில்க்கி, கொச்சின், ஆர்பிங்டன் போன்ற ரகங்களிலும், இன்னும் கலப்பு அதிகம் ஏறாத நாட்டுக்கோழிகளிலும் வலுவாகவே இருக்கிறது. கருப்பி முந்தைய வருடம் ஒன்பது முட்டை வைத்து ஏழு குஞ்சு பொரித்தது. குஞ்சுகளை நன்றாகவும் வளர்த்தது. அதனால் இந்த முறை உட்கார்ந்தபோது சித்தி பெரிதாகக் கவலைப்படவில்லை. குஞ்சு வளர்க்க இடமில்லை, முட்டையை எடுத்துவிட்டால் எழுந்துவிடும் என்றுதான் நினைத்தார்.

கோடை உச்சத்தில் இருந்தது. கொட்டகையின் தகரக் கூரை மதியத்தில் தொட முடியாத சூட்டில் இருக்கும். இதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னால் நாங்கள் எடுத்த முடிவுக்கு இதுவும் ஒரு காரணம்.

நான் போவதற்கு முன் நடந்தவை

முதலில் தெரிந்த அறிகுறிகள் எல்லோருக்கும் பழகியவைதான். முட்டையிட்ட பிறகும் பெட்டியைவிட்டு இறங்கவில்லை. கை நீட்டினால் உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, தட்டையாகப் பரந்து உட்கார்ந்து உறுமியது, கொத்தியது. வெளியே வந்தால் ‘கொக்... கொக்...’ என்று விட்டுவிட்டு ஒரு குரல். நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் இறங்கி, அவசரமாக இரண்டு வாய் தின்று, தண்ணீர் குடித்து, நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த பெரிய நாற்றமடிக்கும் எச்சத்தைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். இரவில் மற்ற கோழிகள் கம்பில் ஏறினாலும் இது பெட்டியிலேயே கிடந்தது. அடை வந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்ல இந்தக் கடைசி அறிகுறியைத்தான் நான் நம்புவேன். பகலில் ஒரு கோழி நெடுநேரம் பெட்டியில் இருப்பதற்குப் பல காரணம் இருக்கலாம். இருட்டிய பிறகும் கம்புக்கு வராமல் இருப்பதற்குக் காரணங்கள் குறைவு.

சித்தி முட்டைகளை எடுத்தார். அது வெறும் வைக்கோலில் உட்கார்ந்தது. தூக்கி வெளியே விட்டார். திரும்பி ஓடியது. பகலில் மூலைப் பெட்டியைப் பலகை வைத்து மூடினார். பக்கத்துப் பெட்டிக்குப் போனது. அதையும் மூடியபோது விறகு அடுக்கின் பின்னால் போய், வெறும் தரையில், ஒரு சுள்ளியை அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. வாளித் தண்ணீரில் வயிறுவரை முக்கிப் பார்த்தார்கள். நனைந்த இறகோடு நேராகப் பெட்டிக்குப் போயிற்று. பகலெல்லாம் இந்தப் போராட்டம். சாயங்காலம் ஆனதும், காலையில் மற்ற கோழிகள் முட்டையிட வேண்டுமே என்று பெட்டிகளைத் திறந்துவிடுவார்கள். கருப்பி இரவு முழுக்க அங்கே படுத்துக்கொள்ளும்.

இப்படியே வாரங்கள் ஓடின. அடை காலம் 21 நாள் தாண்டியும் எழவில்லை. இதற்கிடையே செவலை என்ற இன்னொரு கோழியும் அதே பெட்டியில் கருப்பியோடு ஒண்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தது. அப்போதுதான் சித்தி என்னை அழைத்தார்.

உடம்பைப் பார்த்தபோது

அடைக்கோழியைத் தூக்கும்போது இரண்டு கையையும் அடியில் விட்டு, இறக்கைகளுக்குள் முட்டை ஏதும் இடுக்கி வைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். சட்டென்று தூக்கினால் இறக்கையிலிருந்து முட்டை விழுந்து உடையும். உடைந்த முட்டையின் ருசி தெரிந்த கோழி அப்புறம் முட்டையைக் கொத்தித் தின்னப் பழகிவிடும்.

முதலில் இது அடைதானா என்பதை உறுதி செய்தேன். முட்டை உள்ளே சிக்கிக்கொண்ட கோழியும் பெட்டியில்தான் கிடக்கும். ஆனால் அது சோர்ந்து, வாலைத் தொங்கவிட்டு, முக்கிக்கொண்டு, நிமிர்ந்து நிற்கும். உறுமுவதற்குத் தெம்பு இருக்காது. அதை அடை என்று நினைத்து விட்டுவைத்தால் ஓரிரு நாளில் செத்துவிடலாம். கருப்பியிடம் அப்படி எதுவும் இல்லை. வயிறு மெத்தென்று இருந்தது. எச்சத்துவாரத்தின் இருபுறமும் உள்ள இடுப்பெலும்புகளுக்கு நடுவில் ஒரு விரல் நுழையத்தான் இடம் இருந்தது. முட்டையிடும் கோழிக்கு அங்கே இரண்டு மூன்று விரல் அகலம் இருக்கும். அதாவது முட்டையிடும் வேலையை உடம்பு முழுதாக நிறுத்திவிட்டது.

மற்றவை கவலை தருவதாக இருந்தன. சித்தி அவ்வப்போது கோழிகளை எடை பார்த்துக் குறித்து வைப்பவர். கடைசியாகக் குறித்தது 1,650 கிராம். இப்போது தராசு காட்டியது 1,340 கிராம். அடை காலத்தில் கோழி கொஞ்சம் எடை இழப்பது இயல்புதான். உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பை எரித்துத்தான் உட்கார்ந்திருக்கும். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்பது எல்லை. நெஞ்செலும்பு கத்தி முனைபோல் கைக்குத் தட்டுப்பட்டது, இருபுறமும் சதை இல்லை. கொண்டை வெளுத்துச் சுருங்கியிருந்தது. கழுத்தடியில் உள்ள தீவனப்பை காலியாக இருந்தது.

நெஞ்சிலும் வயிற்றிலும் இறகு உதிர்ந்து தோல் தெரிந்தது. அடைத்தோல் அது. அந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் பெருத்து, தொட்டால் கையில் சூடு உறைக்கும். இது நோய் இல்லை. எச்சத்துவாரத்தைச் சுற்றியிருந்த இறகுகளின் அடியில் வெள்ளைக் கட்டிகளாக ஒட்டியிருந்த பேன் முட்டைகள்தான் நோய். மண்ணில் புரண்டு குளிப்பதை அடைக்கோழி வெகுவாகக் குறைத்துவிடும், அதனால் பேன் பெருகும். இரவில் டார்ச் எடுத்துப் போய்ப் பெட்டியின் மூட்டுகளைப் பார்த்தோம். வெள்ளைக் காகிதத்தை இடுக்கில் வைத்து அழுத்தி எடுத்தால் இரத்தக் கோடுகள். பகலில் மர இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும் சிவப்புச் செள். கம்பில் தூங்கும் கோழியைவிட, இரவும் பகலும் அந்தப் பெட்டியிலேயே கிடக்கும் கோழிக்குத்தான் அதன் கடி அதிகம். கொண்டை வெளுத்ததில் அதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

எது அதை உட்காரவைக்கிறது

சித்திக்கு நான் விளக்கிச் சொன்னதை இங்கும் சொல்ல வேண்டும். இது புரியாவிட்டால் அடுத்துச் செய்தது கொடுமையாகத்தான் தெரியும்.

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 1935-ல் ஆஸ்கர் ரிடிலும் அவருடன் பணியாற்றியவர்களும் முட்டையிடும் கோழிகளுக்கு இதை ஊசிமூலம் செலுத்தி அடைக்கு உட்காரவைத்துக் காட்டினார்கள். புரோலாக்டின் ஏறினால், முட்டை உருவாகத் தேவையான ஹார்மோன்கள் இறங்கும். சூல்பை சுருங்கும், முட்டை நிற்கும், பசி குறையும். புரோலாக்டினைச் சுரக்கச் சொல்வது அந்தச் சுரப்பிக்கு மேலே இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி. அதற்குச் செய்தி எங்கிருந்து போகிறது? கோழியின் வயிற்றுத் தோலிலிருந்து. வெற்றுத் தோலில் முட்டையோ வைக்கோலோ கூட்டின் குழிவோ படும்போது அந்தத் தொடு உணர்வு மேலே போய், ‘இன்னும் கூடு இருக்கிறது, உட்கார்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. உட்காருவதால் ஹார்மோன் ஏறுகிறது, ஹார்மோன் ஏறுவதால் உட்காருகிறது.

இந்தச் சுற்று எப்போது அறும்? கூடு முழுதாக இல்லாமல் போனால். அப்படிப் பிரித்து வைத்தால் புரோலாக்டின் ஓரிரு நாளிலேயே நன்றாக இறங்கிவிடுகிறது. ஆனால் அதற்குள் கோழியைக் கூட்டுக்குத் திரும்பவிட்டால் மறுபடி ஏறிவிடும். கருப்பியின் பிடிவாதம் என்று நாம் சொன்னது பெரும்பாலும் இதுதான். பகல் முழுக்க விரட்டி இறக்கிய ஹார்மோனை ஒவ்வொரு இரவும் அந்தப் பெட்டி திரும்ப ஏற்றிக்கொடுத்தது. எத்தனை வாரம் பகலில் மட்டும் விரட்டியிருந்தாலும் முடிவு ஒன்றாகத்தான் இருந்திருக்கும். பிடிவாதமானது என்று சொல்லப்படும் அடைக்கோழிகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, ‘ராத்திரி எங்கே தூங்குது?’ என்பதுதான்.

முட்டை வைக்கலாமா, தெளியவைக்கலாமா

‘இவ்வளவு ஆசையா உட்கார்ந்திருக்கு, நாலு முட்டை வெச்சு விட்டுடலாமே’ என்றார் சித்தி. நல்ல கேள்விதான். பல சமயம் சரியான பதிலும் அதுவாகத்தான் இருக்கும். சேவல் கூடிய முட்டை இருந்து, வரும் குஞ்சுகளை வளர்க்க இடமும் மனமும் இருந்து, கோழியும் நல்ல உடம்போடு இருந்தால், அடையை முறிக்க வேண்டிய தேவையே இல்லை.

இங்கே கோழியின் உடம்புதான் தடை. முட்டை வைத்தால் இன்னொரு 21 நாள் பட்டினி. கோடை வெயிலில், தகரக் கூரைக்கு அடியில், பேன் அரிக்க, செள் இரத்தம் குடிக்க, ஐந்தில் ஒரு பங்கு எடை இழந்த கோழி அதைத் தாங்கும் என்று நான் நம்பவில்லை. தாங்கினாலும் குஞ்சுகளோடு சுற்ற அதற்குத் தெம்பு இருக்காது. ஒரு நாள் வயதுக் குஞ்சுகளை இரவில் அடியில் வைத்து, பொரித்துவிட்டதாக அதை நம்பவைப்பதும் ஒரு வழி. குஞ்சுகளின் சத்தமும் அசைவும் கேட்டதும் அடை மாறித் தாய்க்குணம் வரும். வெளியே வந்து தின்னவும் ஆரம்பிக்கும். ஆனால் சித்திக்குக் குஞ்சு வேண்டாம். ஆகவே தெளியவைப்பது என்று முடிவானது.

கூண்டு

முதல் வேலை பேன். கால்நடை மருத்துவரிடம் கேட்டு அவர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில் போட்டோம். எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் கேட்டுக்கொண்டோம். இதைக் கேட்காமல் எந்தப் பூச்சி மருந்தையும் கோழியின் மேல் தூவக் கூடாது. பெட்டிகளின் வைக்கோலை அள்ளி எரித்து, மரத்தைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்து, மூட்டு இடுக்குகளுக்கு மருந்தடித்துக் காயவைத்தோம். வெப்ப காலத்தில் செள்ளின் ஒரு தலைமுறை ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும். அதனால் அந்த இடைவெளியில் எல்லாவற்றையும் மறுபடி செய்தோம்.

அப்புறம் கூண்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அடை தெளிவதும் தெளியாததும் இதன் அமைப்பில்தான் இருக்கிறது. நாலு பக்கமும் அடியும் கம்பிவலை. அடிவலை அரை அங்குலக் கண்ணி, கால் சிக்காமல் எச்சம் கீழே விழும் அளவு. நடுத்தரக் கோழி நிமிர்ந்து நின்று திரும்பும் இடம் போதும். கூண்டைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, நாலு மூலையிலும் செங்கல் அடுக்கி வைத்தோம். அடியில் காற்று ஓட வேண்டும், வயிற்றில் எதுவும் மெத்தென்று படக் கூடாது. உள்ளே வைக்கோல் இல்லை, சாக்கு இல்லை, ஒதுங்கிப் படுக்க மறைவும் இல்லை. தாழ்வாக ஒரு கம்பு மட்டும் குறுக்கே கட்டினோம். கோழி கம்பில் நிற்கப் பழகினால் உட்காரும் நினைப்பு குறையும், கம்பிவலையில் நாள் முழுக்க நிற்கும் பாதத்துக்கும் ஓய்வு. தீவனமும் தண்ணீரும் பக்கவாட்டில் எட்டும் உயரத்தில்.

இடம் வெளிச்சமாக இருக்க வேண்டும், ஆனால் நேர் வெயில் கூடாது. மற்ற கோழிகள் கண்ணில் பட வேண்டும். கூட்டத்திலிருந்து மறைத்து வைத்த கோழியைத் திரும்ப விடும்போது மற்றவை அந்நியமாக நினைத்துக் கொத்தும். மரத்தடியில் வைத்தோம். இரவில் நாயும் பூனையும் எட்டாதபடி கூண்டோடு தூக்கிக் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்தோம். கூண்டுக்குள்ளேயே இரவும் கழிந்தது என்பதுதான் முக்கியம்.

‘பாவம், சிறையில போட்ட மாதிரி இருக்கு’ என்று சித்தி முகம் சுளித்தார்.

‘பெட்டிக்குள்ள பட்டினி கிடந்ததுதான் சித்தி சிறை. இங்க சாப்பாடு முன்னாடியே இருக்கு, பாருங்க’ என்றேன். உண்மையும் அதுதான். கூண்டில் விட்ட அன்றே, வேறு வேலை இல்லாததால் தீவனத்தைக் கிளற ஆரம்பித்தது. நடுத்தரக் கோழிக்கு நாளுக்கு நூறு, நூற்றிருபது கிராம் தீவனம் தேவை. பெட்டியில் இருந்தபோது அதில் கால்வாசி உள்ளே போயிருந்தால் அதிகம். முட்டைக் கோழித் தீவனத்தோடு, இழந்த சதை ஏறக் கொஞ்சம் அவித்த பயறும் கொடுத்தோம்.

தெளிந்த விதம்

முதலில் கம்பிவலையின் மூலையிலும் தட்டையாகப் படுத்தது. ‘கொக்... கொக்...’ சத்தம் நிற்கவில்லை. பெட்டி இருக்கும் திசையைப் பார்த்து வலையில் அலகை நீட்டிக்கொண்டு நடந்தது. இதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். இந்தக் கட்டத்தில்தான் பலர் மனமிளகித் திறந்துவிடுகிறார்கள், பட்ட பாடெல்லாம் வீணாகிறது.

மூன்றாம் நாள் வாக்கில் ஒரு சாயங்காலம் திறந்து பார்த்தோம். சாயங்காலத்தில் திறப்பதற்குக் காரணம் உண்டு. கோழிகள் கம்பில் ஏறும் நேரம் அது. அடை தெளிந்த கோழி கூட்டத்தோடு கம்புக்குப் போகும், தெளியாத கோழி பெட்டிக்குப் போகும். அரை மணி நேரத்தில் பதில் கிடைத்துவிடும். கருப்பி கதவு திறந்ததும் கால் நிலத்தில் படாமல் மூலைப் பெட்டிக்கு ஓடியது. பெட்டி மூடியிருந்தும் அதன் முன்னால் தரையில் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்தது. உடனே தூக்கித் திரும்பக் கூண்டில் விட்டோம். அடை வந்து ஓரிரு நாளில் பிடிக்கப்பட்ட கோழி பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தெளியும். வாரக்கணக்கில் ஊறிய கோழிக்கு ஒரு வாரமும் ஆகலாம். இது எதிர்பார்த்ததே.

அடுத்த சில நாளில் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. படுப்பதைவிட நிற்பது அதிகமாயிற்று. பிறகு கம்பில் நின்றது. இறகுகள் படிந்தன. கை நீட்டினால் உறுமாமல் விலகியது. கொக்கென்ற குரல் நின்றது. பெரிய நாற்ற எச்சம் போய், சாதாரணச் சின்ன எச்சங்கள் அடிக்கடி விழுந்தன. இந்தக் கடைசி அறிகுறி பலர் கவனிக்காதது, ஆனால் நான் மிகவும் நம்புவது. எச்சத்தை அடக்கி வைப்பதே கூட்டை அசுத்தப்படுத்தாமல் இருக்கத்தான். அடக்குவதை நிறுத்திவிட்டது என்றால் அதன் மனதில் கூடு இல்லை.

அடுத்த முறை திறந்தபோது நேராக மண்ணுக்குப் போய்ப் புரண்டு புரண்டு குளித்தது. பெட்டிப் பக்கம் போய் ஒருமுறை எட்டிப் பார்த்தது, நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். திரும்பி வந்து, இருட்டும் நேரத்தில் கம்பில் ஏறி மற்ற கோழிகளுக்கு நடுவில் இடம் பிடித்தது. பெட்டிகளை மேலும் சில நாள் சாயங்காலத்தில் மூடி, விடிந்ததும் திறந்து வைத்தோம். காலையில் மற்ற கோழிகள் முட்டையிட்டன. இரவுக்கு யாருக்கும் பெட்டி இல்லை.

செவலைக்கு இவ்வளவு தேவைப்படவில்லை. அது உட்கார்ந்து சில நாளே ஆகியிருந்தது. கருப்பிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கூண்டில் விட்டோம், சீக்கிரமே தெளிந்தது. ஒரு கோழி அடை உட்கார்ந்தால் இன்னொன்றும் உட்காருவது அடிக்கடி நடக்கும். அதே பெட்டி, அதே முட்டைக் குவியல், அதே இருட்டு இரண்டுக்கும் கிடைக்கிறதே.

கருப்பியின் கொண்டை மெல்ல மெல்லச் சிவந்தது. அடை தெளிந்த கோழி திரும்ப முட்டையிட ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். அடையில் இருந்த நாள் கூடக் கூடத் தாமதமும் கூடும். சுருங்கிய சூல்பை மீண்டும் வளர்ந்து மஞ்சள் கருக்களைத் திரட்ட வேண்டுமே. கருப்பி மூன்று வாரத்தை எட்டும்போது முட்டையிட்டது. எடை அதற்குள் 1,500 கிராமைத் தாண்டியிருந்தது.

மற்ற வழிகளைப் பற்றி

தண்ணீரில் முக்குவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வயிற்றுச் சூடுதான் அடைக்குக் காரணம், அதைத் தணித்தால் தெளியும் என்ற எண்ணத்தில் செய்கிறார்கள். வயிற்றுச் சூடு அடையின் விளைவு. கோழியின் உடம்பு வெப்பம் 41 டிகிரி செல்சியஸ் அருகில் தானாக நிலைத்திருப்பது. நனைந்த தோல் சற்று நேரத்தில் பழைய சூட்டுக்கு வந்துவிடும், கூடும் அங்கேயேதான் இருக்கும். முக்கியதும் தெளிந்தது என்று சொல்லப்படும் கோழிகள் அடையின் தொடக்கத்தில் இருந்தவையாக இருக்கும், அல்லது கூடவே பெட்டியையும் மூடியிருப்பார்கள். குளிர் நாளிலும் மெலிந்த கோழிக்கும் இதைச் செய்வது ஆபத்து. ஐஸ் பாட்டிலை அடியில் வைப்பதும் ஏறக்குறைய இதே கதைதான். ஆனால் அதனால் கெடுதல் குறைவு.

மூக்குத் துளையில் இறகைச் செருகிவிடும் வழக்கத்தை நான் ஏற்கவே மாட்டேன். வலியும் சீழும்தான் மிச்சம். கூடையைக் கவிழ்த்து இருட்டில் மூடி வைப்பதும் வேண்டாம். இருட்டு, அடைசல், தரையில் வயிறு படுவது, இவை மூன்றும் அடையை வளர்ப்பவை. தெளியவைக்க நினைத்து அடைக்கு வேண்டிய வசதியெல்லாம் செய்து கொடுத்தாற்போல் ஆகிவிடும். பட்டினி போடுவதும் தவறு. அடைக்கோழி ஏற்கெனவே பட்டினியில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு

கருப்பி மறுபடி அடை உட்காராது என்று நாங்கள் நினைக்கவில்லை. பரம்பரைக் குணம், கூண்டு அதை மாற்றாது. சில மாதம் கழித்து, வெயில் தணிந்த பருவத்தில், எடை 1,700 கிராமை ஒட்டி இருந்தபோது மீண்டும் உட்கார்ந்தது. இந்த முறை சித்தி குஞ்சு வேண்டும் என்றார். கொட்டகைக்கு வெளியே, மற்ற கோழிகள் நுழைய முடியாத ஒரு மறைவில் தனிக்கூடு போட்டு, இருட்டிய பிறகு அங்கே மாற்றினோம். பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். மாற்றிய இடத்தில் உறுதியாக உட்கார்ந்ததும், ஒரே நாளில் பென்சிலால் குறியிட்ட முட்டைகளை அடியில் வைத்தோம். குறி இல்லாத முட்டை ஏதாவது தென்பட்டால் வேறு கோழி புகுந்து இட்டது என்று எடுத்துவிடலாம். முட்டைகள் வெவ்வேறு நாளில் சேர்ந்தால், முதல் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தாய் எழுந்துவிடும், பிந்திய முட்டைகள் ஆறிப்போகும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்துக் கரு இல்லாதவற்றை நீக்கினோம். தீவனமும் தண்ணீரும் கூட்டுக்கு அருகிலேயே இருந்தன. தினமும் ஒருமுறை தானாக இறங்கவில்லை என்றால் சித்தி தூக்கி இறக்கிவிடுவார். எடையில் இந்த முறை பெரிய சரிவு இல்லை. குஞ்சுகளோடு எழுந்து வந்தது.

மற்ற மாற்றங்கள் சின்னவை. முட்டைகளை இப்போது காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை எடுக்கிறார். மூலைப் பெட்டியின் வைக்கோல் ஆழத்தைக் குறைத்து, பின்பலகையில் வெளிச்சம் வர ஓட்டை போட்டுவிட்டோம். கோழிகள் இப்போது மூன்று பெட்டியையும் பயன்படுத்துகின்றன. இரவு கதவு சாத்துமுன் கம்பில் தலைகளை எண்ணுகிறார். எது குறைகிறதோ அதைப் பெட்டியில் தேடி, அன்றிரவே கூண்டில் விடுகிறார். செவலை அப்படி இரண்டு மூன்று தடவை பிடிபட்டது. ஒவ்வொரு தடவையும் ஓரிரு நாளில் கம்புக்குத் திரும்பிவிட்டது, முட்டையும் அதிகம் தடைபடவில்லை.